நேராகப் போகும் வேலை

கப்பற்படையில் 15 வருடம் இருந்தேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி, "எந்தக் கப்பல்?" ஐஎன்எஸ் ஜோதி என்பேன். "ஏவுகணை எல்லாம் விடுமா?" இல்லைங்க, எண்ணெய்க் கப்பல். அவ்வளவுதான், பேச்சு வேறு பக்கம் போய்விடும். என் மைத்துனர் ஒருவர்தான் பரிதாபப்பட்டு, "மிதக்கிற பெட்ரோல் பங்க்னு சொல்லுங்க மச்சான், கெத்தா இருக்கும்" என்றார்.

அந்த உவமையில் ஒரு கோளாறு. பங்கில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகுதான் போடுவார்கள். கடலில் இரண்டு கப்பலும் ஓடிக்கொண்டே இருக்கும். 12 நாட் வேகம், அதாவது மணிக்கு சுமார் 22 கிலோமீட்டர். பக்கத்துப் பக்கத்தில், நடுவே 40 மீட்டர் தண்ணீர். அந்த இடைவெளியில் ஒரு கம்பி, அதில் தொங்கும் ரப்பர் ஹோஸ். நின்றுகொண்டே செய்யலாமே என்றால், நிற்கிற கப்பலுக்குச் சுக்கான் பிடிக்காது. அலை அதை இஷ்டத்துக்கு உருட்டும். போதாததற்கு நீர்மூழ்கிக்கு அதைவிட நல்ல குறி கிடைக்காது.

இப்படி ஓடிக்கொண்டே எண்ணெய் கொடுப்பதற்குப் படையில் பெயர் 'ராஸ்'. நான் ஜோதியில் இருந்தது 2002 முதல் 2005 வரை, விசாகப்பட்டினத்தில். வேலை, வீல் பிடிப்பது. ராஸ் நேரத்தில் எண்ணெய் கொடுக்கும் கப்பல்தான் வழிகாட்டி. அது ஒரு திசையைப் பிடித்து, ஒரே வேகத்தில், கோடு போட்ட மாதிரி போக வேண்டும். வாங்குகிற கப்பல்தான் பின்னாலிருந்து வந்து, பக்கத்தில் சேர்ந்து, கூட்டிக் குறைத்து இடத்தைப் பிடிக்கும். கேப்டன்கள் பெயர் வாங்குவதெல்லாம் அந்தப் பக்கத்தில்தான். நாங்கள் நேராகப் போவோம்.

எனக்கு வீல் பழக்கிய பெட்டி ஆபீசர் ஒரு ஹரியானாக்காரர். முதல் நாளே சொன்னார்: "சீதா ஜானா ஹை, பஸ்." நேராகப் போகணும், அவ்வளவுதான். இது ஒரு வேலையா என்று நினைத்தேன்.

ஜோதி 178 மீட்டர் நீளம். முழுச் சுமையில் ஏறக்குறைய 36,000 டன். ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அட்மிரல்டி தளத்தில் வணிக டேங்கராகத் தொடங்கியதை நம் படை வாங்கி மாற்றிக்கொண்டது. 1996 ஜூலையில் சேவைக்கு வந்தது. பிறவி வணிகக் கப்பல் என்பதால் பிரிட்ஜ், அதாவது கப்பலை ஓட்டும் அறை, பின்பக்கம் இருக்கும். ஒரே ஒரு ப்ரொப்பல்லர். டேங்க் நிரம்பியிருக்கும்போது வீலைத் திருப்பினால் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. சரி, போதவில்லை என்று இன்னும் திருப்பினால் தொலைந்தது. திரும்ப ஆரம்பித்த பிறகு நிற்காது. பயணத்தின் கடைசியில் நிலைமை தலைகீழ். பாதி எண்ணெயைக் கொடுத்தாகிவிடும், கப்பல் மேலே எழும்பி நிற்கும், காற்று பக்கவாட்டில் பிடித்துத் தள்ளும். ஒரே கப்பல்தான், வாரா வாரம் குணம் மாறும்.

பக்கத்தில் இன்னொரு கப்பல் வந்துவிட்டால் தண்ணீரும் சேட்டை செய்யும். வருகிற கப்பலின் மூக்கு நம் பின்பகுதியைத் தாண்டும்போது அது தள்ளிவிடுகிற தண்ணீர் நம்மை ஒதுக்கும். இரண்டும் இணையாக வந்ததும் நடுவில் தண்ணீர் வேகமெடுத்து, அழுத்தம் குறைந்து, இரண்டையும் ஒன்றோடொன்று இழுக்கும். அதற்கு எதிராக ஓரிரு டிகிரி சுக்கானைக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். எவ்வளவு என்று எந்தப் புத்தகமும் சொல்லாது, கைதான் கற்றுக்கொள்ளும்.

வெளியே நடப்பதெல்லாம் எனக்குக் காதால்தான் தெரியும். சிவப்பில் மஞ்சள் சிலுவை போட்ட ரோமியோ கொடி முழுதாக ஏறினால், வரலாம் என்று அர்த்தம். அப்புறம் விசில், உடனே ஒரு வெடிச் சத்தம். மெல்லிய கயிற்றைத் துப்பாக்கியால் அடுத்த கப்பலுக்குச் சுடுவார்கள். அதைப் பிடித்து இழுத்தால் அதைவிடத் தடித்த கயிறு, அதன் பின்னால் கம்பி, கம்பியில் ஹோஸ். ஹோஸின் நுனி எதிர்க் கப்பலின் வாயில் போய் மாட்டிக்கொண்டதும் பிராவோ கொடி ஏறும். எண்ணெய் ஓடுகிறது என்று அர்த்தம். இத்தனையும் நடக்க, என் கண் கைரோ திசைகாட்டியைவிட்டு நகராது. மூன்று வருடத்தில் எத்தனை கப்பலுக்குக் கொடுத்தோம் என்று கணக்கு வைக்கவில்லை. ஒன்றைக்கூட நின்று பார்த்ததில்லை.

ஒரு தடவை மட்டும் பயந்தேன். வங்காள விரிகுடாவில் ஒரு சாயங்காலம், பக்கத்தில் எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்த கப்பலின் சுக்கான் மக்கர் செய்துவிட்டது. கப்பலின் பெயர் வேண்டாம். அதன் மூக்கு எங்கள் பக்கம் திரும்புகிறது என்று பிரிட்ஜில் குரல்கள் ஏறின. குட்டைக் குட்டையாக விசில், அஞ்சுக்கு மேல். அவசரமாகப் பிரிய வேண்டும் என்பதற்கான சைகை. கை தானாக வீலை எதிர்ப்பக்கம் திருப்பப் பார்த்தது. சைக்கிள் ஓட்டியவன் எவனும் அதைத்தான் செய்வான். ஆனால் கப்பல் கார் மாதிரி முன்னால் திரும்பாது. மூக்கு விலகினால் வால் எதிர்ப்பக்கம் வீசும், நேராக அந்தக் கப்பல் மேலேயே போய் அடிக்கும். பின்னாலிருந்து ஒரு கை என் தோளை அழுத்தியது. "சீதா."

பம்ப் நின்றது. ஹோஸைக் கழற்றிவிட்டார்கள். அவர்கள் எஞ்சினைக் குறைத்துப் பின்னால் நழுவிப் போனார்கள். நான் செய்தது, ஒன்றும் செய்யாமல் இருந்தது. அன்றைக்கு ராத்திரி மெஸ்ஸில் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த வேலைக்குப் பெயர் கிடைக்காது என்பது பழைய கதை. எங்களுக்கு முன் ஜெர்மனியின் பிரெமர் வுல்கான் தளம் கட்டிக்கொடுத்த இரண்டு டேங்கர்கள் இருந்தன. 1967-இல் தீபக், 1970-களின் நடுவில் சக்தி. அப்புறம் ஜோதி, 2000-இல் கொல்கத்தாவில் கட்டிய ஆதித்யா. பெயர்களைப் பாருங்கள்: விளக்கு, சக்தி, சுடர், சூரியன். எண்ணெய் ஊற்றுகிறவனுக்கு வைத்த பெயராயிற்றே, பொருத்தம்தான். 2006-இல் லெபனானில் குண்டு விழுந்தபோது பெய்ரூட்டிலிருந்து 2,280 பேரை நம் படை ஆபரேஷன் சுகூனில் மீட்டது. செய்தியில் வந்தது மும்பை, பிரம்மபுத்ரா, பெட்வா என்ற மூன்று போர்க்கப்பல்கள். நாலாவதாகக் கூடப் போனது முப்பது வயதுக் கிழவி சக்தி. அவள் இல்லாமல் மற்ற மூன்றும் அங்கே எத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்கும்? அடுத்த வருடமே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். 2013 கடைசியில் விமானம் தாங்கிக் கப்பல் விக்ரமாதித்யா ரஷ்யாவிலிருந்து கிளம்பி வந்தபோது கூட வந்தது இத்தாலியில் கட்டிய புது தீபக். விமானம் தாங்கியின் படங்களில் அதை ஓரத்தில் தேட வேண்டும்.

புது தீபக்கின் வேகம் 20 நாட். எங்கள் ஜோதிக்கு 15-தான். இது சின்ன வித்தியாசமில்லை. கூடவே டேங்கர் வர வேண்டுமென்றால் 30 நாட் ஓடுகிற நாசகாரிக் கப்பலும் டேங்கரின் வேகத்துக்கு இறங்க வேண்டும். இப்போது விசாகப்பட்டினம் இந்துஸ்தான் ஷிப்யார்டுக்கு 44,000 டன்னில் ஐந்து கப்பலுக்கு 2023-இல் ஆர்டர் போயிருக்கிறது, சுமார் 19,000 கோடி ரூபாய். அதில் இரண்டு சென்னைக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளியில் உருவாகின்றன. மைத்துனரிடம் சொன்னேன். "நம்ம ஊர் பங்க்" என்றார். திருத்த முடியாது.

ஜோதியிலிருந்து மாறிச் சில வருடம் கழித்து ஒரு ஃப்ரிகேட் போர்க்கப்பலில் இருந்தேன். அங்கேதான் முதல் தடவை மேல்தளத்தில் நின்று, எண்ணெய் வாங்குகிற பக்கத்திலிருந்து ராஸைப் பார்த்தேன். எங்கள் கப்பல் அங்கும் இங்கும் கொஞ்சம் நெளிந்துகொண்டே இருந்தது. டேங்கர் நெளியவில்லை. அதன் பின்னால் நுரைத்த தடம், அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி, அடிவானம் வரை கிடந்தது.

"அங்கே வீலில் யாரோ?" என்றேன். பக்கத்தில் நின்றவன், கையிலிருக்கும் கயிற்றைப் பார்க்கச் சொன்னான்.