மூடித் திறந்தால் வைஃபை காணோம்

மடிக்கணினியை மூடித் திறந்தால் வைஃபை இருக்காது. காலையில் லாகின் ஆனாலும் தானாகச் சேராது. இரண்டும் ஒரே கோளாறுதான் என்று நினைத்து ரவுட்டரை அணைத்துப் போட்டேன், நெட்வொர்க்கை நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்த்தேன், ‘தானாக இணை’ பெட்டியில் டிக் இருக்கிறதா என்று நாலு தடவை பார்த்தேன். டிக் இருந்தது. வைஃபைதான் வரவில்லை.

பல நாள் கழித்துத்தான் ஒன்று கண்ணில் பட்டது. லாகினுக்குப் பிறகு பட்டியலில் என் நெட்வொர்க்கின் பெயர் தெரியும், சேர மட்டும் செய்யாது. ஸ்லீப்பிலிருந்து எழுந்தாலோ பட்டியலே காலி, அக்கம்பக்கத்துப் பெயர்கள்கூடக் கிடையாது. அப்படியானால் வியாதி இரண்டு.

முதலாவதில் தப்பு என்னுடையது. நான் வைத்திருப்பது லினக்ஸ், க்னோம் டெஸ்க்டாப். சோம்பலில், கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விடும் ஆட்டோ லாகின் போட்டிருந்தேன். வைஃபை கடவுச்சொல்லோ கீரிங்கில், அதாவது கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் பெட்டகத்தில், இருந்தது. லாகின் கடவுச்சொல்லைத் தட்டினால்தான் கீரிங் கூடவே திறக்கும். நான் தட்டுவதே இல்லை, அது பூட்டியே கிடந்தது. அதைத் திறக்கச் சொல்லித் தினமும் ஒரு சின்னப் பெட்டி வரும். தொல்லை என்று நானே மூடிவிடுவேன்! இணைப்பு அமைப்பில் கடவுச்சொல் கட்டத்தின் ஓரத்திலுள்ள குறியை அழுத்தி, ‘எல்லாப் பயனர்களுக்கும் சேமி’ என்று மாற்றினேன். சரியாகிவிட்டது. ஆனால் இனி கடவுச்சொல் குறியாக்கம் இல்லாமல், ரூட் என்ற நிர்வாகிக் கணக்கு மட்டும் படிக்கக்கூடிய கோப்பில் இருக்கும். வீட்டு வைஃபைக்கு அது போதும் என்பது என் எண்ணம்.

ஸ்லீப் விஷயம்தான் படுத்திவிட்டது. நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பில் வைஃபையின் பவர் சேவிங்கை நிறுத்திப் பார்த்தேன். அந்தக் கோப்பில் 2 என்றால் நிறுத்து, 3 என்றால் இயக்கு. யார் யோசித்த கணக்கோ. பலன் இல்லை. அப்புறம் மோட்ப்ரோப் கட்டளையால் வைஃபை டிரைவரை, அதாவது வைஃபை கருவியை இயக்கும் மென்பொருளை, கழற்றித் திரும்ப ஏற்றினேன். சில நொடிகளில் பட்டியல் நிறைந்தது. ஆக, எழுந்திருக்காமல் கிடந்தது டிரைவர்தான்.

அதையே நாலு வரி ஸ்கிரிப்ட்டாக எழுதி, லினக்ஸில் பின்னணி வேலைகளை நடத்தும் சிஸ்டம்டியின் சிஸ்டம்-ஸ்லீப் கோப்புறையில் வைத்தேன். தூங்கும் முன் ‘ப்ரீ’, எழுந்த பின் ‘போஸ்ட்’ என்று சொல்லி சிஸ்டம்டியே அதைக் கூப்பிடும். ப்ரீயில் கழற்று, போஸ்ட்டில் ஏற்று. மூடித் திறந்தேன், மறுபடியும் காலி. ஸ்கிரிப்ட்டுக்கு இயங்கும் அனுமதி கொடுக்க மறந்திருந்தேன். கொடுத்துவிட்டு மூடித் திறந்தேன். பூட்டுத் திரையில் கடவுச்சொல்லைத் தட்டி முடிப்பதற்குள் வைஃபை சேர்ந்திருந்தது.