கடைக்கு ரோடு போதும், பட்டறைக்கு இடம் வேண்டும்

மதுரை கோ.புதூர் தொழிற்பேட்டைக்கு வெளியே, பட்டா நிலங்களில் இருந்த பட்டறைகள் ஒவ்வொன்றாகக் கடைகளாகி வருகின்றன. எங்கள் லேத் (கடைசல்) பட்டறைக்கு அடுத்த ஷெட்டும் இப்போது போய்விட்டது. வெல்டிங் நடந்த இடத்தில் ஃபர்னிச்சர் ஷோரூம் வருகிறது. இடத்துக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். வெல்டிங்காரர் கொடுத்த வாடகையைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஷோரூமில் தருகிறார்கள், அட்வான்சும் பெரிது. அவர் நிலையில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அதனால்தான் இதை இடத்துக்காரர்களின் வாடகைக் கணக்குக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது, எந்த இடம் எதற்கு என்று குறிக்கும் நகரின் முழுமைத் திட்டத்திலேயே (மாஸ்டர் பிளான்) பட்டறைக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்கிறேன்.

கடையாக மாறிய கட்டடம் மறுபடி பட்டறை ஆவதில்லை. அடுத்த ஷெட்டில் என்ன செய்தார்கள் என்று பக்கத்திலிருந்தே பார்த்தேன். மெஷினை நிறுத்தியிருந்த கான்கிரீட் மேடையை முதலில் உடைத்தார்கள். தரை முழுக்க டைல்ஸ் ஒட்டினார்கள். பாரம் தூக்கும் செயின் பிளாக் தொங்கிய ஐ-பீமை கேஸ் கட்டிங் போட்டு இறக்கினார்கள். லாரி ரிவர்ஸில் வரும் வாசல் கண்ணாடிச் சுவராகிவிட்டது. மின் இணைப்பும் தொழில் கட்டணத்திலிருந்து வணிகக் கட்டணத்துக்கு மாறும். நாளைக்கு அந்தக் கடை ஓடாமல் காலி செய்தால் அங்கே இன்னொரு கடைதான் வரும். லேத்தை இறக்க ஒருவரும் வர மாட்டார்கள்.

'ஊருக்கு வெளியே கப்பலூருக்குப் போங்களேன், அரசின் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறதே' என்று சொல்கிறவர்கள் உண்டு. பெரிய ஆர்டர் எடுத்து, கன்டெய்னரில் சரக்கு அனுப்புகிறவர்களுக்குக் கப்பலூர் நல்ல இடம்தான், நான்குவழிச் சாலை பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் பிழைப்பு வேறு மாதிரி. சிந்தாமணிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் சாயங்காலம் ஷாஃப்ட் உடையும். டிவிஎஸ் ஃபிஃப்டியில் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு ஆள் வந்துவிடுவார். பழைய துண்டை வெர்னியரில் அளந்து, புது ராடு அறுத்து, பேரிங் உட்காரும் இடத்தை மட்டும் நிதானமாகக் கடைந்து, சக்கரத்தைப் பூட்டும் சாவிக்குக் காடி போட்டுக் கொடுத்தால் ராத்திரியே ஆலை ஓடும். இல்லையென்றால் மறுநாள் நெல் மூட்டைகள் அப்படியே கிடக்கும், சுமை தூக்குகிறவர்களுக்குக் கூலி இருக்காது. இந்த வேலைக்கு ஊருக்குள் இடம் வேண்டும். அப்புறம், ராத்திரி பத்து மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகும் பையனுக்கு டவுன் பஸ்ஸும் கிடைக்க வேண்டும்.

மதுரையில் கடைகள் பெரும்பாலும் வேலைக்குப் பின்னால்தான் வந்திருக்கின்றன. 1892-ல் ரயில் நிலையத்தை ஒட்டி ஹார்வி மில் வந்தது. அதன் தொழிலாளர்களுக்காகத் திருப்பரங்குன்றத்துப் பக்கம் ஹார்விபட்டியே உருவானது. மில் சம்பளத்தை நம்பித்தான் மளிகைக்கடையும் துணிக்கடையும் நடந்தன. செய்வதும் விற்பதும் ஒரே இடத்தில் இருந்ததற்கு, கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறுவதற்கு முன்பிருந்த, மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு தூணடியில் துணி வாங்கி அடுத்த தூணடியில் தைக்கக் கொடுத்துவிட்டுச் சாமி கும்பிடப் போவோம்.

நாயக்கர் புதுத் தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் மச்சான் இதை ஒப்புக்கொள்வதில்லை. 'ஜவுளி ஷோரூம்ல மேலூர்ல இருந்தும் உசிலம்பட்டில இருந்தும் எத்தனை பிள்ளைக வேலைக்கு வருது, மாப்ள! உன் பட்டறையில எத்தனை பேரு?' என்று கேட்பார். சரியான கேள்விதான். அந்த வேலைகளை நான் லேசாக நினைக்கவில்லை. ஆனால் அவர் கடையில் நட்டு, போல்டு, கட்டிங் வீல் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் எங்களைப் போன்ற பட்டறைக்காரர்கள். நாங்கள் ஊரைவிட்டுப் போனால் அவர் கல்லாவும் குறையும்.

எல்லாத் தொழிலும் ஊருக்குள் இருக்கலாம் என்று சொல்ல மாட்டேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களை மாசின் அளவைப் பொறுத்துச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்றெல்லாம் பிரித்திருக்கிறது. சாயத் தண்ணீர் வைகையில் கலக்கக் கூடாது, அதில் பேச்சே இல்லை. ஆனால் கடைசல், ஃபேப்ரிகேஷன், தையல், அப்பளம் இதையெல்லாம் சாயப்பட்டறையோடு ஒன்றாகச் சேர்த்து 'இண்டஸ்ட்ரி' என்று வெளியே தள்ளுவது அநியாயம்.

திட்டம் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மெயின் ரோட்டு முகப்பைக் கடைக்குக் கொடுங்கள். அதன் பின் தெருவைப் பட்டறைக்கென்று வரைபடத்திலேயே குறித்து, லாரி திரும்பும் அகலமும் மும்முனை மின்சாரமும் கொடுங்கள். தொழில் மனையைக் கடைக்கு மாற்ற அனுமதித்தால், அதே அளவு இடத்தை பஸ் போகும் தூரத்தில் தொழிலுக்கு ஒதுக்கிவிட்டு மாற்றுங்கள். பட்டறைக்குப் பக்கத்தில் புது வீட்டு மனை போடுகிறவர் இடைவெளியைத் தன் நிலத்தில்தான் விட வேண்டும். வீடு கட்டி வந்த பிறகு சத்தம் என்று எங்கள் மேல் புகார் எழுதுவது இப்போது வாடிக்கையாகிவிட்டது.

முழுமைத் திட்ட வரைவை வெளியிட்டு ஆட்சேபனைகளைக் கேட்க வேண்டும் என்று 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமே சொல்கிறது. அனுப்பானடி, வில்லாபுரம், ஜெய்ஹிந்த்புரம், புதூர்ப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள் சர்வே எண், மின் இணைப்பின் லோடு, வேலை பார்ப்பவர்களின் எண்ணிக்கை மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். வாடகை இடமென்றாலும் எழுதுங்கள். சேர்த்து ஒரே மனுவாகக் கொடுப்போம். டைப் செய்வதை நான் பார்த்துக்கொள்கிறேன்.