மூக்கு நுனியும் உதடும்

2024 மார்ச் 4 (8-ஆம் வாரம்)

கையுறையைக் கழற்றியபடியே மருத்துவர், "உங்கள் மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள்" என்றார். தொட்டேன். "இப்போது உதட்டை." கருத்தரிக்காதபோது கருப்பை வாய் மூக்கு நுனியைப் போல் விறைப்பாக இருக்குமாம்; கருத்தரித்த சில வாரங்களிலேயே உதடுபோல் இளகிவிடுமாம். வயிறே இன்னும் தெரியவில்லை, அதற்குள் இது! திசு ஆய்வுக்கூடத்தில் இத்தனை ஆண்டுகள் வேலை பார்த்தும், அது பிரசவ நாளில்தான் இளகும் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 9

பாடம் நடத்த வைத்திருக்கும் பழைய கருப்பை வாய்த் திசு ஸ்லைடுகளைத் தேடி எடுத்தேன். இரண்டிலும் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தைக் காட்டும் பிக்ரோசிரியஸ் சிவப்புச் சாயம். முதலாவது, கருத்தரிக்காத பெண்ணுடையது. முனைவாக்கிய ஒளியில் (ஒரே தளத்தில் அதிரும் ஒளி) கொலாஜன் கட்டுகள் முறுக்கேறிய கயிறாக நெருங்கிக் கிடந்து, சிவப்பும் ஆரஞ்சுமாக மின்னின. நடு அடுக்கில் நார்கள் வாயைச் சுற்றி வளைய வருகின்றன.

இரண்டாவது, நிறைமாதத்தில் அறுவையின்போது கருப்பையோடு எடுத்தது. சாயமும் விளக்கும் அதேதான், மினுமினுப்பைத்தான் காணவில்லை. கட்டுகள் இழை இழையாகப் பிரிந்து, இடையிடையே வெளுத்த இடைவெளிகள். நீரும், அதை உறிஞ்சிப் பிடித்து வைக்கும் ஹயலுரோனிக் அமிலமும் இருந்த இடங்கள் அவை. எலி ஆய்வுகளின்படி, குறுக்குப் பிணைப்புகள் இறுகிய பழைய கொலாஜன் கழிந்து, பிணைப்புக் குறைந்த புதியது வந்து சேர்கிறது. திசு கரைவதில்லை, ஆள் மாறுகிறது.

கருப்பை வாய் பெரும்பாலும் நார்த்திசு என்பதை மகப்பேறு மருத்துவர் டேவிட் டான்ஃபோர்த் 1947-இல்தான் தெளிவாகக் காட்டினார். தசையும் உண்டு, கருப்பையை ஒட்டிய உள்வாய்ப் பக்கம் கூடுதலாக.

மே 27 (20-ஆம் வாரம்)

சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, உள்வழி ஸ்கேன் செய்தார்கள். கருப்பை வாயின் நீளம் 34 மி.மீ., உள்வாய் மூடியிருக்கிறது. 24 வாரத்துக்குள் 25 மி.மீ.க்குக் கீழே போனால்தான் குறைப்பிரசவக் கவலை. மிருதுவாகிவிட்டது, ஆனால் குட்டையாகவில்லை. இரண்டும் ஒன்று என்று எண்ணிப் பயந்துகொண்டிருந்தேன். இளகியபடியே இத்தனை மாதம் தாங்கி நிற்பதற்கு புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் துணை நிற்கிறது.

காத்திருந்த இடத்தில் ஒரு பெண்ணுக்கு, கருப்பை வாய் முன்கூட்டியே திறந்துவிடாமல் இருக்க, அதில் தையல் போடத் தேதி குறித்திருந்தார்கள். அவர் சீட்டில் 'பலவீனமான வாய்' என்று எழுதியிருந்தது. யார் கண்டுபிடித்த சொல் இது! அவர் ஏதோ தவறு செய்ததுபோல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மருத்துவர் மெக்டொனால்ட் 1957-இல் விவரித்த தையல், சுருக்குப்பைக் கயிற்றைப்போல் வாயைச் சுற்றி இழுத்துக் கட்டுவது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே மருத்துவர் ஷிரோத்கர் தம் தையல் முறையை வெளியிட்டிருந்தார். இதை அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

ஜூலை 22

எல்லாம் சரி. கால்தான் வீங்குகிறது.

செப்டம்பர் 30 (38-ஆம் வாரம்)

"இன்னும் பழுக்கவில்லை" என்றார் மருத்துவர். இளகுவது மாதக்கணக்கில் நடக்கிறது. பழுப்பது, அதாவது திறக்கத் தயாராவது, கடைசி நாட்களில், சட்டென்று. வாய் எவ்வளவு தயார் என்று அளக்கும் பிஷப் மதிப்பெண் (1964) எனக்கு 4: விரிவு, தேய்வு (குட்டையாகி மெலிவது), மென்மை, வாய் நோக்கும் திசை, குழந்தையின் தலை இறங்கிய அளவு எல்லாம் சேர்த்து. எலிகளில் பிரசவத்துக்கு முன் இரத்தத்தில் புரோஜெஸ்டிரான் சரிந்துவிடும். மனிதர்களில் அப்படிச் சரிவதில்லை. அதன் பேச்சைத் திசு கேட்பதுதான் குறைகிறது என்பது இப்போதைய விளக்கம். என் உடம்பும் சீக்கிரம் காதை மூடிக்கொண்டால் நல்லது.

அக்டோபர் 10

காலையில் சளி அடைப்பு வந்தது. கெட்டியாக, இரத்தக் கீற்றோடு. எட்டு மாதம் வாயை அடைத்துக் காவல் இருந்தது இதுதானா என்று, தொழில் புத்தியில், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.

அக்டோபர் 12

பெண். 10 செ.மீ. விரிந்ததாம். அந்த நேரத்தில் கொலாஜனை யார் நினைத்தார்கள்!

நவம்பர் 22

ஆறாம் வாரப் பரிசோதனை. வாய் மூடிவிட்டது, திசுவும் இறுகிவிட்டது. முன்பு வட்டப் பொட்டாக இருந்த வெளித்துளை மட்டும் இப்போது குறுக்குக் கோடாகியிருக்கிறது. சுகப்பிரசவம் ஆனவர்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தானாம். மருத்துவர் தாளில் வரைந்து காட்டினார். மூடிய உதடு மாதிரியே இருந்தது.