கடைகளுக்குப் பின்னால் ஒரு பள்ளம்

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் டவுனின் பிரதான வீதியில் நடப்பவர்களுக்குக் கடைகளின் முன்பக்கம் மட்டும்தான் தெரியும். பின்பக்கத்தில் கொங்கிரீட் தூண்கள் சரிவில் இறங்கி நிற்கின்றன. தூண்களுக்குக் கீழே மானாப் புல்லும் உன்னிச்செடியும் காட்டுச் சூரியகாந்தியும் ஆளை மறைக்கும் உயரத்துக்கு மண்டிக்கிடக்கின்றன. இன்னும் கீழே ஓடை. பஸ் ஹோர்ன் கொஞ்சம் ஓய்ந்தால் தண்ணீர் ஓடுவது கேட்கும். மலைநாட்டில் எத்தனையோ டவுன்கள் இப்படிப் பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கின்றன. அந்தப் பள்ளங்களில் சனங்கள் நடக்கப் பாதை வேண்டும். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நான் நில அளவையாளர் ஒருவரிடம் உதவியாளனாக இருக்கிறேன். பற்றை வெட்டி வழி எடுப்பது, கருவியைத் தோளில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்குவது, மண்ணுக்குள் புதைந்த எல்லைக்கல்லைத் தேடுவது, இதுதான் வேலை. "ஞாயித்துக்கெழமையும் காட்டுக்குள்ளதானா?" என்று அம்மா கேட்பார். ஆமாம், காட்டுக்குள்தான். இறப்பர் பூட்ஸ், கவ்வாத்துக் கத்தி, அட்டை கடிக்காமலிருக்கச் சவர்க்காரக் கட்டி ஒன்று. வேறு எதுவும் எடுத்துப்போவதில்லை.

இந்தப் பள்ளத்தில் இறங்கும் ஆசை ஆபீசில் கிடந்த ஒரு பழைய வரைபடத்தில் தொடங்கியது. ஒரு மைலை ஓர் அங்குலமாக வரைந்த தாள், மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியது. அதில் ஓடைக்கரையோடு ஒட்டி மெல்லிய புள்ளிக்கோடு ஒன்று போய், மேலே தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், வரை ஏறுகிறது. புள்ளிக்கோடு என்றால் ஒற்றையடிப் பாதை. ஆனால் எனக்குத் தெரிந்து அங்கே யாரும் நடந்ததில்லை.

மதகுக்குப் பக்கத்தில் இறங்கினேன். முதலில் குப்பை. சொப்பிங் பை, லஞ்ச் ஷீட், யோகட் கப், பிள்ளைகளின் பம்பர்ஸ். கொஞ்ச தூரத்துக்கு மண்ணே தெரியவில்லை. அதைத் தாண்டிப் பெரணியை வெட்டி விலக்கியபோது கத்தி கல்லில் பட்டு ணங் என்றது. கையால் பாசியை வழித்தேன். உளி அடித்த தடம் வரிவரியாக இருந்த ஒரு படிக்கல். அதற்கு மேலே இன்னொன்று, அதற்கும் மேலே இன்னொன்று. ஒவ்வொரு கல்லும் பின்பக்கம் ஒரு விரல் அளவு சரிந்திருந்தது. விழும் தண்ணீர் உள்பக்கம் ஒதுங்கிப் பக்கத்துக் கானுக்குள், அதாவது வடிகாலுக்குள், போவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அந்தக் கான் இன்றைக்கும் தண்ணீர் எடுக்கிறது! யாரும் ஒருநாள்கூடத் துப்புரவு செய்யாமல், இத்தனை வருஷம்.

படிகள் முடியும் இடத்தில் ஒரு பீலி, மூங்கில் வழியாகத் தண்ணீர் விழும் இடம். மூங்கில் போய்விட்டது, கல் தொட்டி மட்டும் மிச்சம். தொட்டிக்கு அடியில் கல்லைப் புரட்டினால் நண்டு. ஓட்டின் அகலம் கட்டைவிரல் நகம் அளவுதான். ஒரு கொடுக்கைத் தூக்கி என்னை எதிர்த்து நின்றது. இலங்கையில் நன்னீர் நண்டு சுமார் 50 இனங்கள் உண்டு, கிட்டத்தட்ட அத்தனையும் இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. அதில் ஒன்று எங்கள் டவுன் குப்பைக்குச் சற்று மேலே குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் சாம்பல் வாலாட்டிக் குருவியும் வரும். கல்லுக்குக் கல் தாவி, வாலை ஆட்டிக்கொண்டே பூச்சி பிடிக்கும்.

மேலே லயத்தில் ஒரு தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கீழேயிருந்து ஏறி வந்த என்னைப் பார்த்து எழுந்தே விட்டார். "அந்தக் குறுக்கால யாரு தம்பி இப்ப வாறது? நாங்க ஸ்கூலுக்குப் போனது அதுலதான். பீலியில மூஞ்சி கழுவிட்டுத்தான் டவுனுக்கே எறங்குவோம்." அப்புறம் ரோட்டுப் போட்டார்கள், ஓட்டோ வந்தது, கடைகள் பின்னுக்கு வளர்ந்தன. குறுக்கு மறைந்துபோனது. இப்போது அந்த லயத்துப் பிள்ளைகள் பஸ்ஸும் லொறியும் உரசிப்போகும் ரோட்டோரத்தில் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். குறுக்கில் போனால் பாதித் தூரம்கூட வராது.

காணி யாருடையது என்று கேட்பீர்கள். எங்கள் தொழிலில் நாங்கள் அடிக்கடி வரையும் கோடு ஒன்று இருக்கிறது. ஓடை குறுக்கிடும் காணிக்குப் பிளான் போட்டால், கரை நெடுக ஒரு பட்டியை ஒதுக்கிக் காட்டுவோம். ரிசர்வேஷன் என்போம். 1947ஆம் ஆண்டின் அரச காணிகள் கட்டளைச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. எல்லா ஓடைக்கும் இது ஒரே மாதிரிப் பொருந்தும் என்று சொல்லமாட்டேன், தோட்டக் காணிக்குள் நிலைமை வேறு. ஆனாலும் பல இடங்களில் அந்தப் பட்டி தனியாருக்கு விற்க முடியாத நிலம். வீடு கட்டக்கூடாது, கடையை நீட்டக்கூடாது. நடக்கலாம்தானே?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலை சரிந்து மூடிய வீடுகளைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு பள்ளம் என்றாலே சனங்களுக்குப் பயம். அந்த நாட்களில் கனடாவில், டொரன்டோவின் ஸ்காபரோவில் இருக்கும் என் அத்தை மகன் தினமும் போன் எடுப்பான். ஒருநாள் ஹைலண்ட் கிரீக் ஓடைக்கரையில் நடந்தபடியே வீடியோ காட்டினான். "மச்சான், இதுவும் நம்ம பள்ளம் மாதிரிதான். இங்கயும் ஆள் செத்த பிறகுதான் விட்டாங்க."

அவன் சொன்னது உண்மை. 1954 ஒக்டோபரில் ஹேசல் சூறாவளி டொரன்டோவைத் தாக்கியபோது ஒன்டாரியோ மாகாணத்தில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர். அதன் பிறகு வெள்ளம் ஏறும் நிலத்தில் வீடு கட்டுவதைத் தடுத்தார்கள். அந்தத் தாழ்நிலங்களைப் பொதுவுக்காக வாங்கினார்கள். இன்று அந்தப் பள்ளங்களில் பல, நடைபாதை உள்ள பூங்காக்கள். இலையுதிர் காலத்தில் ஹைலண்ட் கிரீக்கில் சால்மன் மீன் ஏறுவதைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறார்களாம்.

பாதை போடத் தெரியாத நாடு இல்லை இது. கண்டியில் தலதா மாளிகைக்கு மேலே உடவத்தகலைக் காட்டுக்குள் நடக்கலாம், 1938 முதல் அது சரணாலயம். பெக்கோ டிரெயில் என்ற நெடுந்தூர நடைபாதை ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. எங்களுக்குப் பக்கத்தில் கொட்டகலையையும் நோர்வூட்டையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. தேயிலை கொண்டுபோன பழைய வழிகளையே அதற்கு இணைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் பையை மாட்டிக்கொண்டு நடப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷம். அதே சந்தோஷம் டவுனில் நாள் முழுக்க கடையில் நிற்கும் பிள்ளைக்கும், ஆஸ்பத்திரிக்கு வந்து மருந்துக்குக் காத்திருக்கும் அம்மாவுக்கும் ஒரு மணித்தியாலம் கிடைக்கவேண்டும்.

நான் கேட்பது நான்கடி அகலத்தில் ஒரு பாதை. கொங்கிரீட் வேண்டாம், அது மழையில் அடியில் அரிபட்டுப் பலகை போல் தொங்கும். கல் படி, உள்பக்கம் கான், சில கெஜத்துக்கு ஒருமுறை தண்ணீரை வெளியே திருப்பும் வாய்க்கால். இதற்கு நிபுணர்களைக் கொழும்பிலிருந்து கூட்டிவர வேண்டியதில்லை. வாழ்நாள் முழுவதும் தேயிலை மலையில் கான் வெட்டியவர்களும் கல் கட்டியவர்களும் எங்கள் லயங்களிலேயே ஓய்வில் இருக்கிறார்கள். எந்தச் சரிவு எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பது அவர்கள் காலுக்குத் தெரியும். சம்பளம் கொடுத்து அவர்களைக் கூப்பிட வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும் நாட்களில் பாதையை மூடிவிட வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் அப்படிப் பல நாள் வரும், வரட்டும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன். பள்ளத்து விளிம்பில் தகரம் அடித்துக் குடியிருப்பவர்கள் ஆசைப்பட்டு அங்கே போகவில்லை. 7 பேர்ச் (சுமார் 1,900 சதுர அடி) காணிக்கே பரம்பரை பரம்பரையாகக் காத்திருக்கும் சமூகம் இது. பாதையைச் சாட்டி அவர்களை எழுப்பக்கூடாது. ஆபத்தில்லாத இடத்தில் காணியும் வீடும் கொடுத்த பிறகுதான் அந்தத் துண்டில் வேலை தொடங்கவேண்டும். அதுவரை மதகிலிருந்து பீலி வரையான பகுதி போதும். அங்கே யாரும் குடியில்லை, படிக்கல் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

நாங்கள் சிலர் சேர்ந்து தமிழிலும் சிங்களத்திலும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். பின்பக்கக் கடைக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். பலசரக்குக் கடை முதலாளி ஒருவர் வாசித்துவிட்டு, "பாதை சரி தம்பி, குப்பையை நாங்க எங்க போடுறது?" என்றார். நியாயமான கேள்வி. அதனால் கடிதத்தை மாற்றினோம். பின்தெருவுக்குக் குப்பை வண்டி வாரத்தில் இரண்டு தடவை வரவேண்டும் என்பதுதான் இப்போது முதல் கோரிக்கை. பாதை இரண்டாம் பக்கத்தில் வருகிறது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.