பிஎம்ஐ 33 வெச்சுக்கிட்டு மிட்வைஃப் கேர்ல பிரசவம், என் அனுபவம்

வெயிட் அதிகமா இருந்தா மிட்வைஃப் (பிரசவம் பாக்கறதுக்குன்னே பயிற்சி எடுத்தவங்க) பாக்க மாட்டாங்கன்னு நெனச்சு நிறைய பேர் கேக்கறதே இல்ல, அதுக்குத்தான் இதை எழுதறேன். என் உயரம் 160 செமீ, மாசமானப்போ வெயிட் 85 கிலோ, பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு வெயிட் எவ்வளவுன்னு பாக்கற கணக்கு, 33 வந்துச்சு. இது ரெண்டாவது குழந்தை, மொத குழந்தை சுகப்பிரசவம், பிபி சுகர் எதுவும் கிடையாது. ஆனா பதிவு பண்ற எடத்துல அந்த 33 ஒண்ணை மட்டும் பாத்துட்டு ஹை ரிஸ்க், மிட்வைஃப் கேர் கிடையாதுன்னுட்டாங்க. ரொம்ப வலிச்சுது.

நான் விடல, மிட்வைஃப் கிட்டயே பேசணும்னு கேட்டேன். அவங்க சொன்னப்போதான் தெளிவாச்சு, 30க்கு மேல எல்லாம் உடல் பருமன் கணக்குதான் ஆனா 31ம் 42ம் ஒண்ணு இல்ல. 35 தாண்டினா பல எடத்துல டாக்டர் இருக்கற லேபர் வார்டுலதான் பிரசவம் வெச்சுக்க சொல்வாங்க, 40 தாண்டினா மயக்க டாக்டரையும் முன்னாடியே பாக்கணும், நடுவுல 30லேருந்து 35க்குள்ள இருக்கறவங்களுக்கு ஆளைப் பாத்து முடிவு பண்ணணுமாம். அதுலயும் ஏற்கனவே பிரசவம் ஆனவங்க, வேற நோய் இல்லாதவங்களுக்கு நெனச்ச அளவு ஆபத்து இல்லன்னு இங்கிலாந்துல 2014ல ஒரு ஆய்வு வந்திருக்கு. கடைசியில மிட்வைஃப், டாக்டர் ரெண்டு பேரும் சேந்து பாக்கறதுன்னு முடிவாச்சு.

இதுல முக்கியமா ஒண்ணு சொல்லணும், பிபி பாக்கற பட்டை. கை தடிமனா இருந்து பட்டை சின்னதா இருந்தா பிபி இருக்கறதை விட அதிகமா காட்டும்! எனக்கு ஒரு தடவ அப்படித்தான் அதிகமா வந்துச்சு, மிட்வைஃப் என் கையைப் பாத்துட்டு பெரிய பட்டை எடுத்துட்டு வந்து போட்டாங்க, நார்மல். அந்த ஒரு தப்பான நம்பரை வெச்சு என்னென்ன ஆகியிருக்கும்னு யோசிச்சா இப்பவும் பதறுது. தயவுசெஞ்சு பெரிய பட்டை போடுங்கன்னு வாய் விட்டுக் கேளுங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல.

அதுக்காக பயம் எல்லாம் சும்மான்னு சொல்ல வரல. வெயிட் அதிகமா இருந்தா கர்ப்ப கால சுகர், பிபி, ரத்தம் கட்டிக்கறது எல்லாத்துக்குமே வாய்ப்பு அதிகம்தான். அதனால 24லேருந்து 28 வாரத்துக்குள்ள குளுக்கோஸ் குடிச்சு பாக்கற டெஸ்டை தட்டிக் கழிக்காம பண்ணேன், வயித்தை டேப் வெச்சு அளந்தா குழந்தை வளர்ச்சி சரியா தெரியாம போகலாம்னு கூடுதலா ஸ்கேனும் எடுத்தாங்க. டயட் இருன்னு யாரும் சொல்லல, 30க்கு மேல இருக்கறவங்களுக்கு பிரசவம் வரைக்கும் மொத்தமா 5லேருந்து 9 கிலோ ஏறினா போதும்னு 2009ல வந்த அமெரிக்க வழிகாட்டுதல்ல இருக்காம், அதை மட்டும் சொல்லி தெனம் நடக்க சொன்னாங்க. ஒவ்வொரு தடவையும் வெயிட் பாக்கறதுக்கு முன்னாடி பாக்கலாமான்னு என்கிட்ட கேட்டுட்டுதான் பாப்பாங்க, அது எவ்வளவு பெரிய ஆறுதல்னு குண்டா இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்.

வலி வந்தப்போ படுக்க வெக்கல, நடந்தேன், முட்டி போட்டேன், அவங்க கூடவே இருந்து விட்டு விட்டு குழந்தையோட ஹார்ட்பீட் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. டாக்டர் பக்கத்து வார்டுலதான் இருந்தாங்க, கூப்பிட வேண்டி வரல. குழந்தை வந்ததும் ரத்தப்போக்கு அதிகமாகாம இருக்க ஊசி போட்டுட்டாங்க, அது முன்னாடியே பேசி வெச்சதுதான்.

அப்புறம் பால். வெயிட் அதிகமா இருந்தா பால் இறங்க லேட் ஆகலாம்னு மிட்வைஃப் முன்னாடியே சொல்லியிருந்தாங்க, மொத பிரசவத்துல இதை ஒருத்தரும் சொல்லாம உனக்குப் பாலே இல்லன்னு சொல்லி அழ வெச்சதுதான் மிச்சம். இந்த தடவ குழந்தையை நெஞ்சோட போட்டு அடிக்கடி வாயில குடுக்க சொன்னாங்க, லேட்டாதான் இறங்குச்சு ஆனா நல்லாவே இறங்குச்சு.