அட்டைக் காசோலையும் கைக்கு வந்த பணமும்

தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சிகள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். வீடு தண்டையார்பேட்டையில். அதனால் ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடிப் பக்கம் யாராவது ஜெயித்தால், "நீ அந்த வழியாகத்தானே போகிறாய்" என்று காகிதங்களை என்னிடம் கொடுத்துவிடுவார்கள்.

அப்படித்தான் காசிமேட்டில் மீன் விற்கும் அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். வென்றது ஒரு லட்சம். மேடையில் கொடுத்த ஆளுயர அட்டைக் காசோலையை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் செருகியிருந்தார். "வங்கியில் இதை எடுத்துப் போகலாமா தம்பி?" என்று கேட்டார். கேமராவுக்காகச் செய்த அட்டை அது என்று சொல்லவே எனக்கு நா எழவில்லை.

பரிசுப் பணம் எங்கள் பெட்டியில் தயாராக இருப்பதில்லை. விளம்பரதாரர் சேனலுக்குக் கொடுப்பார். சேனல் எபிசோடுக்கு இவ்வளவு என்று எங்களுக்குக் கொடுக்கும். செட், விளக்கு, சாப்பாடு, பரிசு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மிக்ஸி, பிரிட்ஜ், ஸ்கூட்டர் போன்றவற்றை மட்டும், பெயரைத் திரையில் காட்டுவதற்காக விளம்பரதாரரே தந்துவிடுவார். ஒளிபரப்பான பிறகுதான் பில் போட முடியும். பணம் வந்து சேர மாதங்கள் ஆகும். அதனால் எங்கள் ஒப்பந்தத்தில், ஒளிபரப்பான நாளிலிருந்து 90 நாள் என்று இருந்தது. படப்பிடிப்பு நாளிலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தார் அக்கா.

அவர் விஷயத்தில் இனிஷியலும் சேர்ந்து படுத்தியது. பான் அட்டையில் அப்பாவின் இனிஷியல், வங்கிக் கணக்கில் கணவரின் இனிஷியல். பெயர் பொருந்தாமல் காகிதம் இரண்டு முறை திரும்பி வந்தது. மீன் கூடையை இறக்கி வைத்த ஈரம் காயாமலே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த வங்கிக் கிளைக்கு என்னோடு மூன்று தடவை நடந்தார்.

கடைசியில் வந்தது 70,000. பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். அப்போது நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194பி பிரிவு அது. வேறு வருமானமே இல்லாத ஏழைக்கும் இதே விகிதம்தான். வரி உச்சவரம்புக்குள் இருக்கிறேன் என்று சொல்லித் திரும்பப் பெற முடியாது. மேடை ஏற வந்து போன பஸ் செலவைக்கூடக் கழிக்க முடியாது. லட்சாதிபதிக்கும் மீன்காரிக்கும் ஒரே அளவுகோல் என்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

மீதி முப்பதாயிரத்தை அக்கா ஒளித்து வைத்திருப்பதாக அவருடைய நாத்தனார் தெருவில் பேசிவிட்டார். வரி பிடித்ததற்குச் சான்றான படிவம் 16ஏ நகலை நான் எடுத்துக்கொண்டு போய், திண்ணையில் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொன்னேன். நாத்தனார் 30,000 என்ற எண்ணின்மேல் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா என்னைப் பார்த்து, "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார்.

சொல்லியிருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில், பொடி எழுத்து ஆங்கிலத்தில் இருந்தது. அதை நாங்கள் யாரும் அவருக்குப் படித்துக் காட்டவில்லை.

அடுத்த படப்பிடிப்பிலிருந்து ஒப்பனை அறைக்கே போய், வெள்ளைத் தாளில் தமிழில் எழுதிக் காட்டத் தொடங்கினேன். வியாசர்பாடியிலிருந்து வந்த இளைஞர் ஒருவரிடம், "ஸ்கூட்டர் விலை 80,000 என்றால், 24,000 வரி கட்டிய பிறகுதான் சாவி கைக்கு வரும்" என்றேன். தாளை வாங்கிப் படித்தார். அம்மாவிடம் பேச ஐந்து நிமிடம் வேண்டும் என்றார். படப்பிடிப்பை நிறுத்தி வைத்துக் கொடுத்தோம்.