சிவப்புப் பட்டை, நீலப் பட்டை

பெரியப்பா வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிவந்த ஹெட்போன் ஒன்று கும்பகோணத்து வீட்டு அலமாரியில் வெகுநாளாகக் கிடந்தது. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது எடுத்துக் கையில் கொடுத்தார். "உனக்குத்தாம்மா இதோட அருமை தெரியும். பாட்டு கேக்குதான்னு பாரு" என்றார். சோனி எம்டிஆர்-வி6. காதில் படும் மெத்தையான இயர்பேட் இரண்டும் உதிர்ந்துபோய், தொட்டால் விரலெல்லாம் கறுப்புத் துகள். போனில் செருகிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சத்தம் வந்தது. அன்றைக்கு எனக்கு வேறு எதிலும் மனசு போகவில்லை.

காரணம் இருக்கிறது. நான் ஒலிப்புத்தகங்களுக்கு எடிட்டிங் செய்கிறேன், ஒன்பது வருடமாக. வளசரவாக்கத்தில் வீட்டு மாடியறைதான் என் ஸ்டூடியோ. ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம் என் தலையில் இருப்பது சோனி எம்டிஆர்-7506. பெரியப்பாவின் வி6-க்கு இது தம்பி மாதிரி. வி6 வந்தது 1985-ல், வீட்டில் கேட்பவர்களுக்காக. 7506 வந்தது 1991-ல், தொழில்முறை ஆட்களுக்காக. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே அச்சு: அதே மடிப்பு, அதே சுருள் ஒயர். வி6-ன் காதுக் கிண்ணத்தில் சிவப்புப் பட்டை, 'ஸ்டூடியோ மானிட்டர்' என்ற எழுத்து. 7506-ல் நீலப் பட்டை, 'புரொஃபஷனல்' என்ற எழுத்து. 7506-ன் ஒயர் முனையில் செருகும் பின்னுக்குத் தங்க முலாம் உண்டு.

'ப்ரோ வாங்கட்டுமா, சாதா போதுமா' என்று மாதம் ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். இதுவரை ஏதோ பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது கையில் இரண்டும் இருக்கின்றன, ஒழுங்காகக் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் நாள் கேட்டபோது இரண்டும் வெவ்வேறு ஹெட்போன் போலவே ஒலித்தன. வி6-ல் பேஸ், அதாவது கீழ்ச் சத்தம், ஒல்லியாக இருந்தது, குரல் கொஞ்சம் தள்ளி நின்று பேசுவது போல இருந்தது. ஆனால் அதன் இயர்பேட் அப்பளம் மாதிரி நசுங்கிக் கிடக்கிறதே! காதுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே உள்ள தூரம் குறைந்தாலும், ஓரத்தில் காற்று கசிந்தாலும், முதலில் போவது பேஸ்தான். ரிச்சி தெருவில் ஒரே மாதிரி இரண்டு ஜோடி இயர்பேட் வாங்கிவந்து இரண்டுக்கும் மாட்டினேன். (என் 7506-ன் பேடும் பழையதுதான். செயற்கைத் தோல் எதுவானாலும் சென்னை வியர்வைக்கு இரண்டு மூன்று வருடம் தாங்கினால் பெரிய விஷயம்.)

அப்புறம் தங்கையைக் கூப்பிட்டேன். என் கண்ணைத் துப்பட்டாவால் கட்டிவிட்டு, மாற்றி மாற்றி மாட்டச் சொன்னேன். இப்படிப் பரிசோதிக்கும்போது ஒன்று சற்றுச் சத்தமாக ஒலித்தாலே அதுதான் நல்லது என்று காது ஏமாந்துவிடும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. இரண்டுக்கும் 40 மில்லிமீட்டர் டிரைவர் (உள்ளே சத்தம் எழுப்பும் ஸ்பீக்கர்), மின்தடை 63 ஓம், உணர்திறனும், அதாவது ஒரே அளவு மின்சாரத்துக்கு எழும் சத்தமும், ஒன்றே, 106 டெசிபெல்.

கேட்டவை இரண்டு. முதலாவது, நான் எடிட் செய்துகொண்டிருக்கும் ஒரு நாவலின் வாசிப்பு. வாசிப்பவருக்கு 'ச'வும் 'ஸ'வும் கூர்மையாக விழும், வாக்கியத்துக்கு நடுவே உதடு பிரியும் 'டிக்' சத்தம் வரும், ஓரிடத்தில் பல்லி வேறு கத்துகிறது. இரண்டாவது, அத்தை மகன் கல்யாணத்தில் நானே ரெக்கார்டரில் பிடித்த நாகஸ்வரமும் தவிலும். தவிலின் வலந்தலையில் (வலது பக்கத் தோல்) விரல்கூடு விழும் சத்தம் கணீரென்று மேலே நிற்கும், தொப்பியில் (இடது பக்கத் தோல்) கோல் விழுவது கீழே அதிரும். ஒரு ஹெட்போன் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வாத்தியம் இல்லை.

தலையில் இருப்பது எது என்பதைப் பாதிக்கு மேல் தப்பாகச் சொன்னேன். இதை எழுதும்போதும் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. பல்லி இரண்டிலும் கத்தியது, 'ச' இரண்டிலும் உறுத்தியது, தொப்பி இரண்டிலும் ஒரே அளவில் அதிர்ந்தது. 7506-ல் மேல் சத்தம் ஒரு இழை பளிச்சென்று இருக்கிறதோ என்று இரண்டு முறை தோன்றியது. அந்த இரண்டு முறையும் தலையில் இருந்தது வி6.

ஆக, சிவப்புக்கும் நீலத்துக்கும் இருந்த வித்தியாசத்தைவிடப் பழைய பேடுக்கும் புதிய பேடுக்கும் இருந்த வித்தியாசம் பெரிது. உங்களிடம் பழைய ஹெட்போன் இருந்து 'இப்போ முன்ன மாதிரி இல்ல' என்று தோன்றினால், புதிதாக வாங்கும் முன் பேடை மாற்றிப் பாருங்கள். பல பேர் பணத்தை இது மிச்சப்படுத்தும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்றும் கவனித்தேன். வி6-க்கு சோனி அறிவித்த அதிர்வெண் எல்லை, அதாவது எவ்வளவு தாழ்ந்த சத்தத்திலிருந்து எவ்வளவு உயர்ந்த சத்தம் வரை எழுப்பும் என்பது, 5 முதல் 30,000 ஹெர்ட்ஸ். 7506-க்கு 10 முதல் 20,000 ஹெர்ட்ஸ்தான். எண்ணைப் பார்த்தால் வீட்டுக்கானதுதான் பெரிய ஆள். மனிதக் காது கேட்பது ஏறக்குறைய 20-லிருந்து 20,000 வரை, வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிக்கொண்டே வரும். கடையில் பெட்டியைத் திருப்பிப் பார்க்கிறவருக்குப் பெரிய எண் பிடிக்கும். ஸ்டூடியோக்காரருக்கு அது வேண்டாம், நேற்று கேட்டது போலவே இன்றும் கேட்கவேண்டும். எனக்குத் தெரிந்து 'தொழில்முறை' என்ற சொல்லுக்கு இதுதான் பொருள்.

நான் இதைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் பேஸைத் தூக்கிக் கொடுக்கும் ஒரு ஹெட்போனை வைத்துத்தான் வேலை செய்தேன். பாட்டு கேட்க அவ்வளவு சுகமாக இருக்கும். ஒரு ஆண் குரல் அதில் 'கும்'மென்று கேட்டது, கீழ்ச் சத்தம் அதிகம் போல என்று நினைத்துக் குறைத்தேன். பதினான்கு அத்தியாயம் அப்படியே அனுப்பினேன். தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போல இருக்கிறது என்று எல்லாம் திரும்பி வந்தது. அந்த 'கும்' குரலில் இல்லை, ஹெட்போனில் இருந்தது. பதினான்கையும் முதலிலிருந்து செய்தேன். அதற்குப் பிறகுதான் 7506 வாங்கினேன். அதில் பாட்டு கேட்டால் சிலருக்குக் காது கூசும், உண்மைதான். ஆனால் வாய் 'டிக்'கும் மின்விசிறி இரைச்சலும் அதில் எனக்குத் தப்பியதில்லை.

வி6 தயாரிப்பு 2020 வாக்கில் நின்றுவிட்டது. 7506 இன்னும் கிடைக்கிறது. ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டில் இது மட்டும் ஏன் நிலைத்தது என்று யோசித்தேன். வீட்டுக்கு வாங்குகிறவர் அடுத்த முறை வேறு ஏதாவது புதியதைத் தேடுவார். வானொலி நிலையத்திலோ படப்பிடிப்பில் ஒலிப்பதிவு செய்கிறவரிடமோ ஒன்று பழுதானால் அவர்களுக்கு அதேதான் மறுபடி வேண்டும், பழகிய காதை மாற்ற முடியாது. ஜப்பானில் இதற்கு ஓர் அண்ணன் இருக்கிறார், எம்டிஆர்-சிடி900எஸ்டி. 1989-லிருந்து அந்த நாட்டு ஸ்டூடியோக்களில் வழக்கமாக இருப்பது. அதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆனால் டிரைவரிலிருந்து பேட் வரை ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக வாங்கலாம். கெட்டால் நீயே பிரித்து மாற்றிக்கொள் என்ற ஏற்பாடு. எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

மற்ற கம்பெனிகளின் ப்ரோ, சாதா ஜோடிகளில் வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கும். பேயர்டைனமிக் டிடி 770-ல் ப்ரோ வகை தலையை இறுக்கிப் பிடிக்கும், வீட்டுக்கான எடிஷன் வகை தளர்வாக உட்காரும். பாடுகிறவர் மாட்டிக்கொண்டு நிற்கும்போது பின்னணி இசை கசிந்து மைக்கில் ஏறக்கூடாது, அதற்குத்தான் அந்த இறுக்கம். கண்ணாடி போட்டவர்கள் ஒரு மணி நேரம் மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆடியோ-டெக்னிகாவில் ஏடிஎச்-எம்50எக்ஸ் ஒயர் உள்ளது, எம்50எக்ஸ்பிடி2 புளூடூத். இரண்டிலும் 45 மில்லிமீட்டர் டிரைவர். பஸ்ஸில் போகிறவருக்கு இரண்டாவதுதான் சரி, ஒருமுறை சார்ஜ் செய்தால் 50 மணி நேரம் வரை ஓடும் என்கிறார்கள். ஆனால் டப்பிங்குக்கு வேண்டவே வேண்டாம். சாதாரண புளூடூத்தில் சத்தம் ஏறக்குறைய 200 மில்லி செகண்ட் பிந்தி வரலாம். சினிமாவில் ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம், ஒரு ஃப்ரேம் சுமார் 42 மில்லி செகண்ட். அதாவது உதடு அசைந்து ஐந்து ஃப்ரேம் கழித்துச் சொல் கேட்கும். பிந்துவதைக் குறைக்கும் ஏற்பாடு சில மாடலில் உண்டு. இருந்தாலும் பேசிக்கொண்டே தன் குரலைக் கேட்கவேண்டியவர் ஒயரைச் செருகிவிடுவதே நல்லது.

எனவே என்னிடம் கேட்கிறவர்களைத் திரும்ப நான் கேட்பது ஒன்றுதான்: இதன் ஒயர் எங்கே போய்ச் செருகப்போகிறது? 7506-ன் சுருள் ஒயரை இழுத்தால் 3 மீட்டர் வரை வரும், கழற்றவும் முடியாது. சட்டைப்பையில் போனை வைத்து நடக்கிறவருக்கு அது நெஞ்சில் கனமாகத் தொங்கும். மேசைக்கு முன் உட்கார்ந்து, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் பாட்டிலை எட்டி எடுக்கும் எனக்கு அதுவே வசதி.

போன மாதம் வி6-ஐக் கும்பகோணத்துக்கே எடுத்துப் போனேன். என்னிடம்தான் ஒன்று இருக்கிறதே. பெரியப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபையரில் ஹெட்போன் துளை பெரியது. பின்னின் மேல் திருகி மாட்டும் பெரிய பின்னை அவர் தேட ஆரம்பித்தார். அரை மணி நேரம் கழித்துத் தையல் மெஷின் டிராயரில் பொத்தான்களோடு கிடைத்தது. திருகிச் செருகினேன். சாய்வு நாற்காலி ஆம்ப்ளிஃபையரிலிருந்து எட்டடி தள்ளி இருக்கிறது. ஒயர் அதுவரை இழுபட்டு வந்தது.

கல்யாணத்தில் பிடித்த அந்த நாகஸ்வரத்தைத்தான் போட்டேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டார். அப்புறம் ஒரு பக்கத்தை மட்டும் காதிலிருந்து நகர்த்திவிட்டு, "தவில்காரர் இடது பக்கம் உக்காந்திருக்காரா?" என்று கேட்டார்.

ஆமாம், இடது பக்கம்தான் உட்கார்ந்திருந்தார்.